காதில் குத்திய துளை ஏன் மூடுவதில்லை?

காது குத்துக்கு நாள் பார்க்கும்போது தாய்மாமனுக்கு லீவு கிடைக்குமா, குலதெய்வக் கோயிலில் மொட்டையையும் சேர்த்தே முடித்துவிடலாமா, பதினோராம் மாதமா, மூன்றாம் வயதா என்றெல்லாம் பேசுவோம். குத்தப்போகிற காதைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. எந்த வயதில் குத்தலாம் என்பதற்கு அந்தத் துளை ஆறும் விதத்திலேயே பாதி விடை இருக்கிறது.

காதுச்சோணையில் குருத்தெலும்பு கிடையாது. தோல், கொழுப்பு, இணைப்புத் திசு, நிறைய நுண் ரத்தக்குழாய்கள், அவ்வளவுதான். ஆசாரி கம்பியைச் செலுத்தியதும் எல்லாக் காயத்திலும் நடப்பதே இங்கும் நடக்கிறது. ரத்தம் உறைகிறது, வெள்ளணுக்கள் குவிகின்றன, ஓரத்துத் தோல் செல்கள் நகரத் தொடங்குகின்றன. சாதாரண வெட்டுக்காயத்தில் இரு கரையிலிருந்தும் வரும் செல்கள் ஒன்றையொன்று தொட்டதும் நின்றுவிடும், காயம் மூடிக்கொள்ளும். காதில் குறுக்கே கம்பி நிற்கிறதே! எதிர்க்கரையைத் தொட வழியில்லாமல், முன்பக்கத் தோலும் பின்பக்கத் தோலும் துளையின் சுவரையொட்டி உள்ளே ஊர்ந்துபோய் நடுவில் சந்திக்கின்றன. சட்டையில் காஜா எடுத்த மாதிரி, துளைக்கு உள்விளிம்பு கிடைத்துவிடுகிறது.

இதற்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதற்குள் கம்மலைக் கழற்றினால் துளை தூர்ந்துவிடும். "தினமும் திருகிவிடு, இல்லாட்டி ஒட்டிக்கும்" என்று பாட்டிகள் சொல்வார்கள். திருகும்போதெல்லாம் காய்ந்த நிணநீர் புதுத்தோலைக் கீறிவிடுகிறது. அதனால் இப்போது பலரும் அதைப் பரிந்துரைப்பதில்லை. உப்புநீரால் துடைத்துவிட்டுச் சும்மா விட்டாலே போதும். மஞ்சளும் எண்ணெயும் வேண்டாம். சமையலறை மஞ்சள்தூள் கிருமி நீக்கியது அல்ல.

ஆக, கேள்வி இப்படித்தான் வருகிறது: இந்த ஆறு வாரமும் புண்ணைக் காப்பது யார்? கைக்குழந்தைக்கு அம்மா காப்பாள். ஆனால் முதலில் தடுப்பூசி. ரணஜன்னிக் (டெட்டனஸ்) கிருமிக்குக் காற்றுப்படாத ஆழமான குத்துக்காயம் என்றால் கொண்டாட்டம். அதற்கான தடுப்பு மருந்தும் அடங்கிய பென்டாவேலன்ட் ஊசியை நம் அரசு அட்டவணைப்படி 6, 10, 14ஆம் வாரங்களில் போடுகிறார்கள். மூன்றும் முடியும்வரை பொறுப்பது நல்லது. பதினோராம் மாதம் என்ற நம் வழக்கம் இந்த வகையில் தப்பில்லை. குழந்தை அழுதாலும் மறந்துவிடும் என்பார்கள். மறப்பது உண்மைதான், அதற்காக வலிக்காமல் போகாது. குத்தும் நேரத்தில் தாய்ப்பால் கொடுத்தால் வலி குறையும்.

ஒன்றரை, இரண்டு வயதுதான் என் பார்வையில் மோசமான வயது. கை எட்டும், சொன்னால் புரியாது. கம்மலைப் பிடித்து இழுக்கும், கழன்ற திருகாணியை வாயில் போடும். அது மூச்சுக்குழாயில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. அந்த வயதைத் தாண்டிவிட்டால், தானே துடைத்துக்கொள்ளும் பக்குவம் வரும்வரை காத்திருக்கலாம். கவனமாகச் செய்தால் எந்த வயதிலும் ஆபத்து குறைவுதான், ஆனால் அந்தப் பக்குவம் வரட்டும் என்பதே அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் கருத்தும். ரொம்பவும் தள்ளிப்போடுவதிலும் ஒரு சங்கடம் உண்டு. காயத்தின் எல்லையைத் தாண்டித் தழும்பு புடைத்து வளரும் கீலாய்டு, பதினோரு வயதுக்கு மேல் குத்திக்கொண்டவர்களிடம் அதிகம் காணப்படுகிறது. கருத்த தோலுக்கு அந்த வாய்ப்பு இன்னும் கூடுதல். வீட்டில் யாருக்காவது அப்படிப் புடைத்திருந்தால் தோல் மருத்துவரைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கம்மல் எந்த உலோகம் என்பதும் முக்கியம். ஆறாத புண் வழியே நிக்கல் கசிந்தால் உடம்பு அதை எதிரியாகக் குறித்துவைத்துக்கொள்ளும். பிறகு வாட்ச், பெல்ட் பக்கிள் பட்டாலும் அரிக்கும். துளைக்குள் போகும் நகையிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்குமேல் நிக்கல் கசியக் கூடாது என்பது ஐரோப்பியச் சட்டம். 22 காரட்டில் 91.6 சதவீதம் தங்கம், மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும் என்பதால் நிக்கல் பயம் குறைவு. நிக்கல் கலந்திருக்கக்கூடிய கவரிங்கையும் வெள்ளைத் தங்கத்தையும் முதல் கம்மலாகப் போட வேண்டாம்.

திருகாணியை இறுக்க முடுக்கிவிடாதீர்கள். முதல் சில நாள் சோணை வீங்கும். இடம் விடாவிட்டால் திருகாணி சதைக்குள் புதைந்து, டாக்டர்தான் எடுக்க வேண்டியிருக்கும்.