உவமை, உருவகம்: சொல் விளக்கம்

உவமை என்றதும் பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் ‘போல’தான் நினைவுக்கு வரும். பாட்டில் ‘போல’ இருந்தால் அடிக்கோடு போட்டு உவமையணி என்று எழுதிவிடலாம், மதிப்பெண் வந்துவிடும். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகள் ‘சிமிலி’, ‘மெட்டஃபர்’ என்கிறார்கள். முன்னது உவமை, பின்னது உருவகம். பெயரைச் சரியாகச் சொல்வதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. எது எதோடு எதில் ஒத்துப்போகிறது என்று கேட்டால்தான் பாட்டு திறக்கும்.

தொல்காப்பியத்தில் இந்தச் சொல் ‘உவமம்’ என்று வருகிறது. பொருளதிகாரத்தில் அதற்கென்றே ‘உவமவியல்’ என்று ஓர் இயல் உண்டு. வடமொழி ‘உபமா’வோடு இதைத் தொடர்புபடுத்துவார்கள். உப என்றால் அருகில், மா என்றால் அளத்தல். பக்கத்தில் வைத்து அளந்து பார்ப்பது. இல்லை, தமிழ் வேர்தான் என்று வாதிடுவோரும் இருக்கிறார்கள். தனித்தமிழில் ‘ஒப்பு’, ‘ஒப்புமை’ என்று சொல்லலாம். ஆனால் ஒப்புமை என்பது இரண்டுக்கும் பொதுவான தன்மை. உவமை என்பது அதைக் காட்ட எடுத்து வரும் பொருள். அதனால் உவமையை அப்படியே வைத்துக்கொள்வதுதான் நல்லது என்பேன். உபமானம், உபமேயம் என்ற இரண்டைத்தான் தாராளமாக விட்டுவிடலாம். ஒப்பிட எடுத்து வருவது உவமை, ஒப்பிடப்படுவது பொருள் என்றாலே போதும்.

உவமவியல் இப்படித் தொடங்குகிறது:

வினைபயன் மெய்உரு என்ற நான்கே
வகைபெற வந்த உவமத் தோற்றம்

புலி போலப் பாய்ந்தான் என்றால் வினை. மழை போன்ற கை என்றால் பயன். மெய் என்பது வடிவம், உரு என்பது நிறம். கண்ணுக்குத் தெரிகிற இரண்டும் பட்டியலில் பின்னால்தான் வருகின்றன. நாமோ உவமை என்றாலே நிலா, தாமரை என்று அந்த இரண்டிலேயே நின்றுவிடுகிறோம்.

தருமபுரிக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வெளியூர்ப் பாட்டு வேண்டாம். பழைய தகடூர்தான் இன்றைய தருமபுரி. அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அவனை ஔவையார் பாடியதில் புறநானூறு 87 நாலே அடி. பகைவரே, களத்துக்கு வந்துவிடாதீர்கள், எங்களிடமும் ஒரு வீரன் இருக்கிறான் என்று ஆரம்பித்து, இப்படி முடிக்கிறார்:

வைகல் எண்தேர் செய்யும் தச்சன்
திங்கள் வலித்த கால்அன் னோனே

ஒரு நாளைக்கு எட்டுத் தேர் செய்கிற தச்சன், ஒரு மாதம் உட்கார்ந்து செய்த ஒற்றைச் சக்கரம் போன்றவன். மனிதனுக்கும் சக்கரத்துக்கும் வடிவத்தில் என்ன ஒற்றுமை? ஒன்றும் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 240 தேர் முடித்திருக்க வேண்டிய கைத்திறன் முழுவதும் ஒரே சக்கரத்தில் இறங்கியிருக்கிறது. ஒப்புமை அங்கே இருக்கிறது. ‘போல’வைத் தேடுகிறவருக்கு இது உவமை என்றே தெரியாது, உருபு, அதாவது ஒப்பிடும் சொல், இங்கே ‘அன்ன’, அதுவும் ‘அன்னோன்’ என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது.

சரி, உருவகம்? முகத்தை நிலா போன்றது என்றால் மதிமுகம், உவமை. முகமே நிலா என்றால் முகமதி, உருவகம். ‘உரு’ என்ற சொல் உள்ளே இருப்பதால் நமக்கு எளிதில் பிடிபடும், வடமொழியில் ரூபகம். தொல்காப்பியர் இதைத் தனிப்பெயரிட்டுப் பிரிக்கவில்லை. பின்னால் வந்த அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் பிரித்து, உவமைக்கும் பொருளுக்கும் உள்ள வேற்றுமையை நீக்கி ஒன்றாக்குவது உருவகம் என்கிறது. ‘பிறவிப் பெருங்கடல்’ என்று வள்ளுவர் சொல்லும்போது பிறவி வேறு, கடல் வேறு இல்லை.

வேற்றுமையை நீக்கக் கூடாத இடமும் உண்டு. புறநானூறு 94-ல் ஔவையார் அஞ்சியை யானையோடு ஒப்பிடுகிறார். ஊர்ச் சிறுவர்கள் தந்தத்தைக் கழுவ, நீர்த்துறையில் படிந்து கிடக்கிற யானை போல எங்களுக்கு நீ இனியவன். அதே யானை மதம் பிடித்தபோது இருப்பது போலப் பகைவர்க்கு நீ கொடியவன். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகிக் கொல்லையில் இரவுக் காவல் இருப்பவர்களுக்கு அந்த இரண்டாவது யானையை விளக்க வேண்டியதில்லை. ‘நீ யானை’ என்று உருவகமாக்கியிருந்தால் எந்த நேரத்து யானை என்று சொல்ல வழி இருந்திருக்காது. ‘போல’ என்ற உருபுதான் யானையை இரண்டாகப் பிரித்துக் காட்ட இடம் தருகிறது.

அப்புறம், உருபுகள். போல, புரைய, ஒப்ப, உறழ, மான, கடுப்ப, இயைய, ஏய்ப்ப, நேர, நிகர, அன்ன, இன்ன என்று 12-ஐச் சொல்லிவிட்டு, நன்னூல் ‘பிறவும்’ என்று கதவைத் திறந்து வைக்கிறது. ‘புலியாட்டம் பாயுறான்’ என்பதில் வரும் ‘ஆட்டம்’, தினமும் வாயில் வரும் ‘மாதிரி’ எல்லாம் அந்தப் ‘பிறவும்’ வழியாகத் தாராளமாக உள்ளே வரலாம்.