அந்த க்வார்ட்டர்பேக் ஒரு பைசா விட்டுக்கொடுக்கல, தயவுசெஞ்சு நம்புங்க

எழுத வேண்டாம்னுதான் இருந்தேன். மார்ச் மாசம் எங்க டேக்ஸ் கணக்குத் தொழில்ல மூச்சு விட நேரம் கிடையாது, எஸ்-கார்ப், பார்ட்னர்ஷிப்னு கம்பெனி டேக்ஸ் ரிட்டர்ன் எல்லாத்துக்கும் 15-ஆம் தேதி கெடு, கரெக்டா அதே வாரத்துலதான் என்எஃப்எல்-ல (அமெரிக்கன் ஃபுட்பால் லீக்) ஃப்ரீ ஏஜென்சியும், அதாவது காண்ட்ராக்ட் முடிஞ்சவங்க டீம் மாறற சந்தையும், ஆரம்பிக்கும், டாலஸ் பக்கத்துல ஃபிரிஸ்கோவுல ஆஃபீஸ் வெச்சுக்கிட்டு டாலஸ் டீம் கௌபாய்ஸ் பேச்சு காதுல விழாம ரிட்டர்ன் போடறதுங்கறது நடக்காத காரியம். அதைக்கூட சகிச்சுக்கலாம். ஆனா போன வாரம் ஒரு க்ளையன்ட் வந்தார், சின்ன சாஃப்ட்வேர் கம்பெனில வேலை. அவங்க மேனேஜர் மீட்டிங்ல ஸ்லைடு போட்டுக் காமிச்சிருக்கார். கௌபாய்ஸ் க்வார்ட்டர்பேக் (பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்தறவர்) டாக் ப்ரெஸ்காட் டீமுக்காக 45 மில்லியன் டாலர் சம்பளத்தை விட்டுக்கொடுத்தார், நாமளும் ஒரு டீம்தானே, எல்லாரும் பேஸ் சம்பளத்துல இருபது பர்சென்ட் குறைச்சுக்குவோம், அடுத்த வருஷம் அது போனஸா வரும்னு. இவரும் உணர்ச்சிவசப்பட்டு கையெழுத்துப் போட்டுட்டார். போட்டுட்டு வந்து என்கிட்ட "இதுக்கு டேக்ஸ் எப்படிங்க வரும்?"ங்கறார்.

முதல்ல காசு வரட்டும் சாமி, டேக்ஸை அப்புறம் பாக்கலாம்.

இந்த ப்ரெஸ்காட் கதை வருஷா வருஷம் பேரு மாறி வாட்ஸாப்புல சுத்திக்கிட்டே இருக்கு. "ரீஸ்ட்ரக்சர் பண்ணார் (காண்ட்ராக்டை மாத்தி எழுதினார்), தியாகம் பண்ணார், நல்ல மனுஷன்." அவர் நல்ல மனுஷனாவே இருக்கட்டும், ஆனா இதுல தியாகம் எங்க இருக்குன்னு தேடித் தேடிப் பாக்கறேன், கிடைக்கல. 2025 மார்ச்ல நடந்தது இதுதான்: அவருக்கு அந்த வருஷம் வரவேண்டிய பேஸ் சம்பளத்துல 45.75 மில்லியனை கௌபாய்ஸ் எடுத்து, சைனிங் போனஸ்னு பேரை மாத்தினாங்க. அவ்வளவுதான். சம்பளமா இருந்திருந்தா செப்டம்பர்ல சீசன் ஆரம்பிச்சதுக்கப்புறம் தவணை தவணையா செக்கா வந்திருக்கும், போனஸ் ஆனதால சீசனுக்கு ரொம்ப முன்னாடியே காசைப் பாக்கலாம். அதே காசு, முன்னாடியே கைக்கு வருது. இதுல யாரு யாருக்கு விட்டுக்கொடுத்தா? இன்னொண்ணு, பெரிய காண்ட்ராக்ட் பலதுல இந்த மாத்தற உரிமையை டீம் முதல்லயே எழுதி வாங்கிடும், ஆட்டக்காரர்கிட்ட கேக்கக்கூட வேண்டாம். அவர் தூங்கிட்டு இருக்கும்போதே "தியாகம்" நடந்து முடிஞ்சிருக்கலாம்.

அப்ப டீமுக்கு என்ன லாபம்? இங்கதான் ரெண்டு நோட்டு இருக்குங்கறதைப் புரிஞ்சுக்கணும். ஒண்ணு கேஷ் நோட்டு, நிஜமா போற பணம். இன்னொண்ணு கேப் நோட்டு, ஒரு டீம் வருஷத்துக்கு இவ்வளவுதான் எழுதலாம்னு வரம்பு (கேப்) போட்டு லீக் பாக்கற கணக்கு. சம்பளம் கொடுத்தா அந்த வருஷக் கேப்ல முழுசா ஏறும். சைனிங் போனஸா கொடுத்தா காண்ட்ராக்ட்ல மிச்சம் இருக்கற வருஷங்கள் மேல சமமாப் பிரிச்சு எழுதலாம், அதிகபட்சம் அஞ்சு வருஷம். ஆஃபீஸுக்கு கார் வாங்கினா காசு இன்னைக்கே போயிடும், தேய்மானத்தை அஞ்சு வருஷமாப் போடுவோம் இல்லையா, அதேதான். 45.75-ஐ அஞ்சால வகுத்தா 9.15. 2025-ல 9.15 மட்டும் எழுதி, மீதி 36.6 மில்லியனை அந்த வருஷக் கேப்ல இருந்து இறக்கிட்டாங்க. அடுத்த நாலு வருஷத்துலயும் ஒவ்வொண்ணுலயும் 9.15 கூடுதலா உக்காந்திருக்கு. அதே சமயத்துல அதே டீம்ல ஆடற சீடி லாம்ப் காண்ட்ராக்ட்லயும் 25 மில்லியனை இப்படியே மாத்தி 20 மில்லியன் இறக்கினாங்க. ரெண்டு பேருகிட்ட இருந்தும் சேத்து 56.6 மில்லியன் இடம், ரெண்டு பேருக்கும் சம்பளத்துல ஒரு டாலர் குறையல.

நிஜமாவே குறைச்சுக்கிட்டவங்க இருக்காங்க. க்வார்ட்டர்பேக் ஆரன் ராஜர்ஸ் நியூ யார்க் ஜெட்ஸுக்கு வந்த வருஷம், 2023 ஜூலைல, ரெண்டு வருஷம் 75 மில்லியன்னு புதுசா எழுதி, ஏற்கெனவே கேரண்டியா இருந்ததுல ஏறக்குறைய 35 மில்லியனை விட்டார். அதுக்குப் பேரு பே கட். (அப்புறம் முதல் மேட்ச்ல அவர் ஆடின நாலாவது ப்ளேயிலயே குதிகால் தசைநார் கிழிஞ்சது வேற கதை.) 2021 பிப்ரவரில நியூ ஆர்லின்ஸ் க்வார்ட்டர்பேக் ட்ரூ ப்ரீஸ் 25 மில்லியன் சம்பளத்தை 1.075 மில்லியனாக் குறைச்சுக்கிட்டார், அதையும் பெரிய தியாகம்னு எழுதினாங்க, அடுத்த மாசமே ரிட்டயர்மெண்ட் அறிவிச்சார். ஆடப்போறதில்லாத வருஷத்து சம்பளத்தைக் குறைச்சா என்ன, குறைக்காட்டி என்ன.

கேப்னா என்னன்னே தெரியாதவங்களுக்கு: அமெரிக்கன் ஃபுட்பால்ல ஒவ்வொரு டீமும் ஆட்டக்காரர்களுக்கு எழுதற கணக்கு ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது. 1994-ல கொண்டு வந்தப்ப 34.6 மில்லியன், 2025-ல 279.2 மில்லியன். கோவிட் வந்து மைதானம் காலியா இருந்ததால 2021-ல 198.2-ல இருந்து 182.5-ஆக் குறைஞ்சுது. அபராதம் கட்டிட்டுத் தாண்டிக்கலாம்ங்கற சமாச்சாரமே கிடையாது, பேஸ்பால் பாக்கறவங்க இங்கதான் குழம்பறாங்க. மார்ச் நடுவுல லீக் வருஷம் தொடங்கற அன்னைக்கு, ஈஸ்டர்ன் டைம் சாயங்காலம் 4 மணிக்குள்ள 32 டீமும் வரம்புக்குள்ள இருக்கணும். அதனாலதான் பிப்ரவரி கடைசில இருந்து இந்தக் கத்திரி, ஒட்டு, தையல் வேலை எல்லாம். மிச்சம் வெச்சா அடுத்த வருஷத்துக்கு எடுத்துட்டுப் போகலாம், அது ஒரு நல்ல விதி.

இப்ப ரெண்டாவது கூட்டம். தியாகம்னு சொல்ற முதல் கூட்டத்துக்கு விளக்கிச் சொன்னதும் இவங்க எழுந்து "அப்ப கேப்னே ஒண்ணு கிடையாது, சும்மா ஏமாத்து"ம்பாங்க. நியூ ஆர்லின்ஸ் செயின்ட்ஸைக் காட்டுவாங்க. 2021-ல அவங்க ஏறக்குறைய 100 மில்லியன் தாண்டி நின்னாங்க, அவங்க ஜெனரல் மேனேஜர் மிக்கி லூமிஸ் எல்லாத்தையும் தள்ளிப் போட்டு மணி அடிக்கறதுக்குள்ள உள்ள வந்துட்டார். வந்தார், சரி. தள்ளினது எங்க போச்சு? அடுத்தடுத்த மார்ச்லயும் அதே மூட்டை வாசல்ல நின்னுச்சு. 2025 மார்ச்ல டெரெக் கார்ங்கற க்வார்ட்டர்பேக்கோட காண்ட்ராக்டை ரீஸ்ட்ரக்சர் பண்ணாங்க, தோள்பட்டைல அடின்னு மே மாசம் அவர் ரிட்டயர் ஆயிட்டார். ஆளு வீட்டுல, அவர் கணக்கு டீம் நோட்டுல. ஆஃபீஸ் கார் ரெண்டே வருஷத்துல காயலான் கடைக்குப் போனா எழுதாம மிச்சம் இருக்கற தேய்மானம் மொத்தமா வந்து விழும்ல, அதைத்தான் இங்க டெட் மணிங்கறாங்க.

பெரிய உதாரணம் டென்வர் டீம். க்வார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சனுக்கு 2022-ல அஞ்சு வருஷம், 240 மில்லியனுக்கு மேலன்னு எக்ஸ்டென்ஷன், தலைப்புச் செய்தி. 2024 மார்ச்ல வெட்டி விட்டாங்க. ஏன் மார்ச்? லீக் வருஷம் தொடங்கி அஞ்சாவது நாள் அவர் டீம்ல இருந்தா 2025-க்கான 37 மில்லியனும் கேரண்டி ஆகியிருக்கும். வெட்டினதால கேப்ல விழுந்தது 85 மில்லியன், அதுவரைக்கும் யாரும் பாக்காத தொகை. ஜூன் 1-க்கு அப்புறம் வெட்டினதாக் குறிக்கற விதியைப் பிடிச்சு அதை 2024-ல 53, 2025-ல 32-ன்னு ரெண்டாப் பிரிச்சாங்க. அவர் பிட்ஸ்பர்க் டீம்ல 1.21 மில்லியன் மினிமம் சம்பளத்துக்கு சேர்ந்தார், அந்த வருஷத்துக்குக் கேரண்டியான 39 மில்லியன்ல மீதி முழுக்க டென்வர் கட்டிச்சு, இன்னொரு டீமுக்கு ஆடறவருக்கு. வேடிக்கை என்னன்னா, அந்த எக்ஸ்டென்ஷன் வருஷங்கள் 2024-லதான் தொடங்கணும். அதுல ஒரு மேட்ச்கூட அவர் டென்வருக்கு ஆடல.

ஜூன் 1 பத்தியும் தப்பாவே ஃபார்வர்ட் வருது. மார்ச்ல வெட்டி "ஜூன் 1-க்குப் பின்"னு குறிக்கலாம், ஒரு டீம் வருஷத்துக்கு ரெண்டு பேருக்கு மட்டும். ஆனா இடம் ஜூன்லதான் கிடைக்கும், அதுவரைக்கும் அவர் கணக்கு அப்படியே நோட்டுல இருக்கும். அதை வெச்சு மார்ச்ல யாரையும் வாங்க முடியாது.

வாய்ட் இயர்னு ஒண்ணு, ஆடப்போறதே இல்லாத வருஷங்களைக் கடைசில ஒட்டி போனஸைப் பரப்பறது. பிலடெல்ஃபியா டீம் காண்ட்ராக்டைப் பாக்கற ஹோவி ரோஸ்மன் இதுல கில்லாடி, 2025 பிப்ரவரில லீக் ஃபைனலான சூப்பர் பௌலும் ஜெயிச்சாங்க, கேப் ஏறிட்டே போற வரைக்கும் நாளைய டாலர் கொஞ்சம் லேசுங்கறது அவங்க கணக்கு, தப்புன்னு சொல்ல மாட்டேன். க்வார்ட்டர்பேக் டாம் ப்ரேடி ரிட்டயர் ஆனதுக்கப்புறம் 2023-ல டாம்பா பே நோட்டுல சுமார் 35 மில்லியன் உக்காந்ததும் இதே வழிலதான். கோப்பை வாங்கிட்டுக் கட்டினாங்க, சந்தோஷமாக் கட்டியிருப்பாங்க.

கோப்பை வாங்காமயே கட்டறவங்க எங்க ஊர்க்காரங்க, கௌபாய்ஸ். இது யாரும் சரியாப் பேசறதில்ல. 2021-ல ப்ரெஸ்காட்டுக்கு நாலு வருஷம் 160 மில்லியன் கொடுத்தாங்க, அதுல அவரை வேற டீமுக்கு ட்ரேட் பண்ணக் கூடாது, ஃப்ரான்சைஸ் டேக் (காண்ட்ராக்ட் முடிஞ்சவரை இன்னொரு வருஷத்துக்குப் பிடிச்சு வெச்சுக்கற உரிமை) போடக் கூடாதுன்னு அவர் தரப்பு எழுதி வாங்கிடுச்சு. ஏற்கெனவே ரெண்டு வருஷம் டேக் பாத்தவர், 2020-ல 31.4 மில்லியன், அடுத்தது அதுக்கு மேல இருபது பர்சென்ட், மூணாவது போட்டா இன்னும் நாப்பத்திநாலு பர்சென்ட்னு விதி, டேக்ங்கறது டீம் கையில இருக்கற கயிறு, அதை அவங்களே அறுத்துக் கொடுத்துட்டாங்க. நடுவுல ரீஸ்ட்ரக்சர் பண்ணிப் பண்ணி, 2024 முடிஞ்சு அவர் கிளம்பினாக்கூட 2025-ல சுமார் 40 மில்லியன் டெட் மணி விழும்ங்கற நிலைமை. இப்ப பேரம் பேச உக்காந்தா யாரு கை மேல இருக்கும்? 2024 செப்டம்பர் 8, சீசன் முதல் மேட்ச், க்ளீவ்லண்ட்ல ஆட்டம் தொடங்கறதுக்குச் சில மணி நேரம் முன்னாடி கையெழுத்தாச்சு: வருஷத்துக்கு 60 மில்லியன், லீக்லயே அதிகம். கேப் பொய்னு சொல்றவங்க இந்த 60-ஐப் பாருங்க. தள்ளிப் போட்ட கணக்கோட வட்டி பேரத்துலதான் வந்து நின்னுச்சு.

சரி, இன்னொரு சந்தேகம், சீக்கிரம் சொல்லிடறேன். "கேப்ல அஞ்சு மில்லியன்தான் இருக்கு, எப்படி பத்து பேரை எடுத்தாங்க?" ஆஃப்சீசன்ல 90 பேர் வரைக்கும் வெச்சுக்கலாம், ஆனா மேல இருக்கற 51 பேரோட கணக்குதான் முழுசா எண்ணப்படும். புது ஆள் ஒருத்தர் 51-க்குள்ள வந்தா பழைய 51-ஆவது ஆள் கீழ போவார், வித்தியாசம் மட்டும் ஏறும். சீசன் தொடங்கினா எல்லாரும் கணக்குல வந்துடுவாங்க, அதனாலதான் விவரமான டீம் செப்டம்பருக்குன்னு கொஞ்சம் ஒதுக்கி வைக்கும்.

எங்க தொழில் பக்கம் ஒரு சமாச்சாரம். ஆட்டக்காரர் சம்பளத்துக்கு, ஆடப்போற மாநிலத்துல வருமான வரி இருந்தா அந்த மாநிலமும் ட்யூட்டி டே (டீமுக்காக அங்க வேலை பாத்த நாள்) கணக்குல வரி கேக்கும். சைனிங் போனஸை சம்பளத்துல இருந்து தனியா, திருப்பிக் கேக்க முடியாததா, ஆடினாத்தான்ங்கற கன்டிஷன் இல்லாம சரியா எழுதியிருந்தா பல மாநிலங்கள் அதை அந்தக் கணக்குல சேக்கறதில்ல, சொந்த மாநிலத்துக்குத்தான் போகும். சொந்த மாநிலம் டெக்சஸா இருந்தா மாநில வருமான வரியே இல்ல. விட்டுக்கொடுத்தார்ங்கறீங்களே, இதையும் சேத்துப் பாருங்க.

இப்ப அந்த க்ளையன்ட் விஷயம். அவருக்கு நடந்தது இதுக்கு நேர் எதிர். ப்ரெஸ்காட்டுக்கு நாளைக்கு வரவேண்டியது இன்னைக்கே வந்துச்சு, இவருக்கு இன்னைக்கு வரவேண்டியது அடுத்த வருஷத்துக்குப் போச்சு, அதுவும் "அன்றைய தேதியில் பணியில் இருந்தால்", "நிர்வாகத்தின் முடிவுக்கு உட்பட்டு"ன்னு ரெண்டு வரி லெட்டர் அடில. அந்த ரெண்டு வரிக்கு அர்த்தம், பிப்ரவரில வேலையை விட்டு அனுப்பினா நாமம். பேஸ் குறைஞ்சா 401கே ரிட்டயர்மெண்ட் கணக்குல கம்பெனி போடற பங்கும் பெரும்பாலும் கூடவே குறையும். எச்-1பி விசால இருக்கறவங்க தயவுசெஞ்சு கேளுங்க: எல்சிஏ-ல (விசாவுக்காகக் கம்பெனி அரசாங்கத்துக்குக் கொடுக்கற விண்ணப்பம்) போட்ட சம்பளத்துக்குக் கீழ உங்க பேஸை இறக்கக் கூடாது, கன்டிஷன் போட்ட போனஸை வெச்சு அந்தக் குறையை ஈடு கட்டவும் முடியாது. மேனேஜர் எவ்வளவு நல்லவரா இருந்தாலும் சரி, இமிக்ரேஷன் வக்கீலைக் கேக்காம தலையாட்டாதீங்க. பேஸைத்தான் போனஸா மாத்தணும்னா காசை இப்பவே கொடுங்கன்னு கேளுங்க, ஃபுட்பால்ல அப்படித்தான் கொடுக்கறாங்க. ஸ்லைடு போட்டவருக்கு அது தெரிஞ்சிருக்கணும்.

அப்புறம் காண்ட்ராக்ட் செய்தி படிக்கறப்ப மொத்தத் தொகையைப் பாத்து வாயைப் பிளக்கறதை விடுங்க. கையெழுத்துப் போடற அன்னைக்கே முழு கேரண்டி எவ்வளவு, முதல் ரெண்டு வருஷத்துல கைக்கு வர்ற கேஷ் எவ்வளவு, எந்த மார்ச்ல டெட் மணி கம்மியாகி டீம் வெட்டிட்டுப் போகலாம், இதைப் பாருங்க. "கேப் ஸ்பேஸ் உருவாக்கினார்"னு ஆட்டக்காரர் பேரைப் போட்டு வர்ற ஃபார்வர்டை எனக்கு அனுப்பாதீங்க, உருவாக்கினது மாடில ஸ்ப்ரெட்ஷீட் வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கற யாரோ ஒரு கணக்குப்பிள்ளை, எங்க ஜாதி.

ஃபுட்பால் பேசணும்னா ஏப்ரல் 15-க்கு அப்புறம் வாங்க, டிராஃப்ட் (டீம்கள் புது ஆட்டக்காரங்களைத் தேர்ந்தெடுக்கற நாள்) வரைக்கும் பேசலாம். சம்பள லெட்டர் மட்டும் எப்ப வேணா அனுப்புங்க, ராத்திரி ஆனாலும் பாக்கறேன், கையெழுத்து இடம் காலியா இருக்கணும்.