யாக்கோபைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்

குழந்தை பிறக்க வாய்ப்பில்லை என்று மருத்துவர் சொல்லியிருந்ததை மறைத்து முடித்த இன்னொரு கல்யாணம் திருச்சபையின் திருமணத் தீர்ப்பாயத்துக்கு வந்திருக்கிறது. ‘ஆயிரம் பொய் சொல்லியாவது’ என்பதோடு ராயபுரத்திலும் பெரம்பூரிலும் நம் பெரியவர்கள் விவிலியத்தையும் சேர்த்துக்கொள்கிறார்கள்: “யாக்கோபே பொய் சொல்லித்தானே ஃபாதர் ஆசி வாங்கினார்?”

வாங்கினார். அதற்குப் பிறகு நடந்ததையும் படியுங்கள். விவிலியத்தின் தொடக்கநூல் 27ஆம் அதிகாரத்தில் வெள்ளாட்டுக்குட்டித் தோலைக் கையில் சுற்றி, அண்ணன் ஏசாவின் உடையை உடுத்தி, அவர்போல நடித்து, பார்வை மங்கிய தகப்பனை ஏமாற்றுகிறார். 29இல் மாமன் லாபான், யாக்கோபு விரும்பிய இளைய மகள் ராகேலுக்குப் பதில் மூத்த மகள் லேயாவை மணப்பெண்ணாக அனுப்ப, மறுநாள் காலை “ஏன் என்னை ஏமாற்றினீர்?” என்று கத்துபவர் இதே யாக்கோபுதான். 37இல் அவருடைய பிள்ளைகள் தம்பி யோசேப்பு இறந்துவிட்டதாக அவரை நம்பவைக்க, அவனது அங்கியை வெள்ளாட்டு இரத்தத்தில் தோய்த்துக் காட்டுகிறார்கள். மறுபடியும் ஆடு, மறுபடியும் உடை. லாபானின் கல்யாணப் பொய்யால் அன்பு கிடைக்காமல் வாழ்ந்தவள் லேயா. அவளை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை!

அடுத்து, ஒற்றரைக் காக்கப் பொய் சொன்ன இராகாபையும், எபிரேயக் குழந்தைகளைக் காக்கப் பொய் சொன்ன எகிப்தின் மருத்துவச்சிகள் சிப்ரா, பூவாவையும் கொண்டுவருவார்கள். மருத்துவச்சிகளுக்கு நன்மை கிடைத்தது கடவுளுக்கு அஞ்சியதால் (விடுதலைப் பயணம் 1:21). எபிரேயர் 11:31 இராகாபைப் புகழ்வது ஒற்றரை வரவேற்ற நம்பிக்கைக்காக. பிறரைக் காக்கச் சொல்லும் பொய்யும் பாவமே, ஆனால் சாவான பாவமல்ல (மிகக் கொடிய பாவமல்ல) என்கிறார் இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ். அவர்களுடையதோ உயிர் போகும் நிலைமை. வரன் தட்டிப்போவதும் அதுவும் ஒன்றா?

பக்கத்து வீட்டுக்காரரிடம் எல்லாம் சொல்ல வேண்டியதில்லை. உண்மையை அறிய உரிமையில்லாதவருக்கு அதைச் சொல்லும் கடமை இல்லை (கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, எண் 2489). கட்டிக்கொள்ளப்போகிறவருக்கு அந்த உரிமை உண்டு.

ஏமாற்றி நடத்திய திருமணம் செல்லாது என்னும் திருச்சபைச் சட்டம் 1098 எல்லாப் பொய்க்கும் பாயாது. சம்மதம் பெறுவதற்காகவே ஏமாற்றியிருக்க வேண்டும். மறைத்த விஷயம் இல்லறத்தைக் கடுமையாகக் குலைக்கும் தன்மையுள்ளதாக இருக்க வேண்டும். மலட்டுத்தன்மை திருமணத்துக்குத் தடையே இல்லை (1084 §3); அதை மறைத்து ஏமாற்றுவதுதான் திருமணத்தைச் செல்லாததாக்கும். சொல்லியிருந்தால் வழக்கே இல்லை!

ஆகவே, கோவிலில் திருமண அறிவிப்பான ஓலை வாசிக்கும் முன்பே சொல்லுங்கள். தரகர் வழியாகவோ சித்தப்பா வழியாகவோ அல்ல, பெண்ணும் பையனும் நேருக்கு நேர், மருத்துவ அறிக்கையோடு. தடை ஏதும் தெரிந்த உறவினரே, பங்குத்தந்தையிடம் சொல்வது புறம்பேசுவதல்ல, திருச்சபைச் சட்டம் 1069 சுமத்தும் கடமை. பாவசங்கீர்த்தனத்தில் (குருவிடம் செய்யும் பாவ அறிக்கையில்) சொல்லிவிட்டோம் என்று நிம்மதியாகிவிட வேண்டாம். குருவானவர் அதை யாரிடமும் திறக்க முடியாது, ஏமாந்தவருக்கு ஈடு செய்யும் கடமை உங்களிடமே இருக்கிறது (மறைக்கல்வி 2487).

ஏமாந்தவர்களே, உண்மை தெரிந்த தேதியைக் குறித்து வையுங்கள். பழைய மருத்துவச் சீட்டு, வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். எப்போது தெரிந்தது, தெரிந்ததும் என்ன செய்தீர்கள் என்று தீர்ப்பாயத்தில் கட்டாயம் கேட்போம்.