2.5 சதவீதத்தைத் தனியாகப் படிக்காதீர்கள்

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்ததிலிருந்து சிங்கப்பூர்த் தமிழர்கள் கூடும் இடமெல்லாம் ஓர் எண் அடிபடுகிறது. சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் தமிழை மிக அதிகமாகப் பேசுவோர் 2.5 சதவீதம், 2010இல் அது 3.3. உடனே "நாம மட்டும்தான் மொழியை விட்டுட்டோம்" என்ற புலம்பல். நான் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன், என் ஆய்வு முழுக்கவே இப்படிக் கூட்டினால் 100 ஆகியே தீரவேண்டிய எண்களோடுதான். காம்போசிஷனல் டேட்டா என்பார்கள்.

மொத்தம் 100இல் பூட்டிக் கிடக்கும்போது ஒன்று ஏறினால் வேறு ஏதாவது இறங்கித்தான் ஆகவேண்டும். அதே பத்தாண்டில் ஆங்கிலம் 32.3இலிருந்து 48.3க்குப் போனது, அந்த 16 எங்கிருந்தோ வரவேண்டுமே! அதனால் நாங்கள் விகிதத்தைப் பார்ப்போம். தமிழை மலாயால் வகுத்துப் பாருங்கள்: அன்று 3.3க்கு 12.2, பிறகு 2.5க்கு 9.2, இரண்டுமே 0.27தான். ஆங்கிலத்தால் வகுத்தால் 0.10 என்பது 0.05 ஆகிவிட்டது, சரிபாதி. ஆக, தமிழும் மலாயும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் ஆங்கிலத்துக்கு இடம் விட்டிருக்கின்றன. கவலைப்பட ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை, இந்தியர்களுக்குள் மட்டும் பார்த்தாலும் தமிழ் 36.7இலிருந்து 27.9 ஆகியிருக்கிறது. ஆனால் "நாம மட்டும்" என்பது தப்பு.

பங்குகளில் வரும் இந்தச் சிக்கல் புதுசு இல்லை. எண்களை ஒரே பொது வகுஎண்ணால் வகுத்தாலே போலி ஒட்டுறவு, அதாவது இல்லாத தொடர்பு இருப்பதுபோன்ற தோற்றம், முளைக்கும் என்று ஆங்கிலேயப் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் 1897லேயே எச்சரித்தார். பாறைகளின் வேதிக் கலவையை சதவீதமாக எழுதும் புவியியலாளர்கள் வெகுகாலம் இதில் மாட்டிக்கொண்டு தவித்தார்கள். கடைசியில் ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் இருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஐட்சிசன்தான் 1982இல், விகிதங்களுக்கு லாக் (மடக்கை) எடுத்து அதன்மேல் வழக்கமான புள்ளியியலைச் செய்யுங்கள் என்று ஒரு முழு முறையையே கொடுத்தார். அவ்வளவு எளிமையான யோசனை, அதற்கு இத்தனை வருஷம்!

என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களில் சுகாதார ஆய்வாளர்கள்தான் அதிகம். ஒரு நாளுக்கு 1440 நிமிஷம், அதுவும் பூட்டிக் கிடக்கும் மொத்தம்தான். "உட்காருவதை ஒரு மணி நேரம் குறைத்தால் என்ன பலன்?" என்பார்கள். அந்த ஒரு மணி நேரம் தூக்கத்துக்குப் போனதா, நடைக்குப் போனதா என்று தெரியாமல் எதைச் சொல்வது?

அப்புறம், பணம் கட்டி வாங்கும் குடல் பாக்டீரியா ரிப்போர்ட். பெரும்பாலும் அதில் இருப்பது பங்குதான், எண்ணிக்கை இல்லை. ஒரு வகை பெருகினால், மற்றவை அப்படியே இருந்தாலும் "குறைந்துவிட்டது" என்று காட்டும். பூஜ்யம் என்று போட்டிருந்தால் இன்னும் சிக்கல், ஏனென்றால் பூஜ்யத்துக்கு லாக் கிடையாது. நிஜமாகவே அந்த பாக்டீரியா இல்லையா, இல்லை கருவிக்கு அகப்படாத அளவு குறைவா என்பதை அந்தத் தாளை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.