சோதனை வந்ததைச் சொல்ல என்ன வெட்கம்?

பெரும்போக நெல் விற்ற காசு வன்னி வீடுகளுக்கு வந்து சேருகிற மாதங்களும், ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தபசுகாலமான லெந்து நாட்களும் அநேகமாக ஒன்றாகத்தான் வருகின்றன. லெந்தின் முதல் ஞாயிறு, இயேசு வனாந்தரத்தில் சோதிக்கப்பட்ட பகுதியை வாசிக்கிறோம். அதிலேயே பிரசங்கமும் நடக்கிறது. எல்லோரும் தலையாட்டிக் கேட்கிறார்கள். அப்புறம் அந்த நாற்பது நாள் முடிவதற்குள் ஒவ்வொருவராகப் பின்னேரங்களில் வந்து உட்கார்ந்து, சோதனையில் விழுந்ததைச் சொல்லி அழுகிறார்கள். எல்லாம் நடந்து முடிந்த பிறகு வருகிறார்கள். இந்த வருடமும் அப்படியே. நடப்பதற்கு முன் ஏன் ஒருவரும் வருவதில்லை என்ற ஆற்றாமையில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் போதகர். உளவளத்துணைப் பயிற்சியும் பெற்றிருக்கிறேன். ஏ9 வீதியிலிருந்து உள்ளே தள்ளிக் கிடக்கிற சிறிய சபைகளில்தான் என் ஊழியம். கீழே சொல்பவற்றில் ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

கடைசியாக வந்தவர் ஒரு மாதர் சங்கத்தின் பொருளாளர். ஊரே நம்பிக் காசைக் கொடுத்து வைத்த அம்மா. சங்கத்துச் சந்தாவும் சுழற்சிக் கடன் காசும் அவர் வீட்டு அலுமாரியில் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. கணக்குக் கொப்பியை என் முன்னால் விரித்து வைத்தார். பல பக்கங்களுக்கு நீலப் பேனையில் அழகான எழுத்து. ஒரு மாதத்துக்குப் பிறகு பென்சில். அந்த மாதத்தில்தான் மகனின் ரியூசன் காசுக்கு இரண்டாயிரம் ரூபாய் எடுத்திருக்கிறார். “நெல்லு வித்ததும் வைச்சிடலாம் எண்டுதான் ஐயா எடுத்தனான். அதாலதான் பென்சிலால எழுதினனான்.” பிறகு பசளைக்கு, பிறகு மாமியாரின் வைத்தியச் செலவுக்கு. ஆண்டுக் கூட்டத்தில் கணக்குக் கேட்டபோது டின்னுக்குள் சில்லறைதான் மிச்சம். தாலிக்கொடியை அடகு வைத்தும் காசு போதவில்லை.

நான் கேட்டது ஒரே கேள்வி. முதல் நாள் மனம் அந்த டின் பக்கம் இழுத்தபோது யாரிடமாவது சொன்னீர்களா? அவர் என்னை வியப்போடு பார்த்தார். “பெண்கள் ஐக்கியத்தில ஜெபம் நடத்திற நான், எனக்குக் களவெடுக்க மனம் வருகுதெண்டு ஆரிட்டச் சொல்லுறது ஐயா?”

என்னை வருத்துகிற தவறான எண்ணம் இதுதான். விசுவாசம் உறுதியாக இருந்தால் சோதனை வராது, வந்தால் விசுவாசத்தில் எங்கோ ஓட்டை, ஆகவே வெளியில் சொல்லக் கூடாது. இதை யார் கற்றுக்கொடுத்தார்களோ தெரியாது, எங்கள் சபைகளில் வேர்விட்டுப் போயிருக்கிறது. தயவுசெய்து வேதாகமத்தைத் திறந்து பாருங்கள். மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் சோதிக்கப்படுகிறவர் யார்? யோர்தானில் ஞானஸ்நானம் பெற்று, “இவர் என்னுடைய நேசகுமாரன்” என்ற சத்தத்தைக் கேட்ட கையோடு அவர் வனாந்தரத்துக்குப் போகிறார். விசுவாசக் குறைவால் அவருக்குச் சோதனை வந்தது என்று சொல்லுவீர்களா? எபிரெயர் 4:15 அவர் எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டார், ஆனாலும் பாவமில்லாதவர் என்கிறது. ஒரே வசனத்துக்குள் சோதனையும் இருக்கிறது, பாவமில்லாமையும் இருக்கிறது. சோதனை வருவதே பாவமென்றால் அந்த வசனமே நிற்காது. வனாந்தரத்தில் தோற்றுப்போன சாத்தானும் ஒரேயடியாகப் போய்விடவில்லை, சிலகாலம் விலகிப்போனான் என்று லூக்கா 4:13 எழுதுகிறது. அவருக்கே அது ஒருநாளோடு முடியவில்லை. ஞானஸ்நானம் எடுத்து இருபது வருடமான மூப்பருக்கு மட்டும் முடிந்துவிடுமா?

இன்னும் ஒன்று. கெத்செமனேயில் இயேசு என்ன செய்தார்? பேதுருவையும் செபெதேயுவின் குமாரர் இருவரையும் கூட்டிக்கொண்டு போய், என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது, என்னோடேகூட விழித்திருங்கள் என்று கேட்டார். வாய்விட்டுக் கேட்டார். அவர்கள் நித்திரையாகிப் போனது வேறு கதை. தேவகுமாரனே பக்கத்தில் ஆள் வேண்டும் என்று கேட்டிருக்க, நாங்கள் மட்டும் எல்லாவற்றையும் அறைக்குள் தனியாக முடித்துவிட வேண்டும் என்று நினைக்கிறோம்.

வயல் வரம்பில் நண்டு வளை இருந்து தண்ணீர் ஒழுகினால் எந்த விவசாயியும் அதை ஒளிக்கிறதில்லை. பக்கத்து வயல்காரனையும் கூப்பிட்டுக் காட்டிச் சேற்றை அள்ளி அடைக்கிறார். வரம்பு உடைந்த பிறகு கூப்பிட்டால் பயிர் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். மனதில் ஒழுகத் தொடங்கும்போது மட்டும் ஏன் வாயை மூடிக்கொள்கிறோம்?

இதற்கு நேரெதிரான கூட்டமும் ஒன்று இருக்கிறது. எல்லாவற்றையும் பிசாசின் தலையில் போடுகிறவர்கள். பிசாசு இருக்கிறான், நான் மறுக்கவில்லை. ஆனால் அவனவன் தன் தன் சுய இச்சையினாலே இழுக்கப்படுகிறான் என்று யாக்கோபு 1:14 சொல்கிறது. கையை நீட்டியது நீங்கள். அதை ஒத்துக்கொண்டால்தான் அடுத்த முறை கையை மடக்கலாம்.

சரி, அது வரும்போது எப்படி இனங்காண்பது? பாவத்தின் முகத்தோடு அது வருவதில்லை. நியாயம் கதைத்துக்கொண்டு வரும். வன்னியில் நான் அடிக்கடி கேட்கிற நியாயங்கள் இவை: “இந்த ஒருக்கா மட்டும்.” “எல்லாரும்தானே செய்யினம்.” “பிறகு வைச்சிடுவன்.” இவை எங்கும் இருப்பவைதான். எங்கள் மண்ணில் இவற்றைவிடப் பலமான இன்னொன்று இருக்கிறது. “நாங்கள் பட்ட பாட்டுக்கு இதுகூடக் கிடைக்கக் கூடாதோ?” வீட்டுத்திட்டப் படிவத்தில் பொய் எழுதியவரும் இதைத்தான் சொன்னார். வெளிநாட்டிலிருந்து சகோதரன் தங்கையின் படிப்புக்கு அனுப்பும் காசில் மோட்டார்சைக்கிள் எடுத்தவரும், கணவர் கட்டாரில் இருக்க இன்னொருவரோடு இரவிரவாகப் போனில் கதைத்த சகோதரியும் சொன்னது இதுவே. 2009இல் யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்து, முகாமில் இருந்து, வெறுங்காணிக்குத் திரும்பி வந்தவர்கள் அவர்கள். பட்டது உண்மை. அந்த உண்மையை யாரும் குறைத்துப் பேச நான் விடமாட்டேன். வனாந்தரத்திலும் பசி உண்மையாகத்தான் இருந்தது. நாற்பது நாள் சாப்பிடாதவர் கல்லை அப்பமாக்கிச் சாப்பிட்டால் என்ன பிழை என்று யாருக்கும் தோன்றும். சோதனை எப்போதும் உண்மையான ஒரு பசியைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வருகிறது. ஆகவே “எனக்கு இது உரித்து” என்று மனம் சொல்லத் தொடங்கினால், அந்த இடத்தில் நில்லுங்கள். அங்கேதான் ஆபத்து.

உளவளத்துணையில் நாங்கள் வழமையாகக் கேட்கிற நான்கு விடயங்கள் உண்டு. பசியா, கோபமா, தனிமையா, களைப்பா? விழுந்தவரிடம் அந்த நாளைப் பற்றிக் கேட்டால் அநேகமாக இதில் ஒன்றிரண்டு அங்கே இருக்கும். தாவீதின் கதையைப் பாருங்கள். ராஜாக்கள் யுத்தத்துக்குப் புறப்படும் காலத்தில் அவர் மட்டும் எருசலேமில் நிற்கிறார். சாயங்காலம் படுக்கையிலிருந்து எழுந்து உப்பரிகையில் தனியாக உலாவுகிறார். மிச்சம் 2 சாமுவேல் 11இல் இருக்கிறது. எலியா சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று கேட்டபோதோ தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், பிறகு மறுபடியும் சாப்பிடச் சொன்னான். சாப்பிட்டு நித்திரை கொள்வதும் ஆவிக்குரிய காரியம்தான். உபவாசத்தை நான் மதிக்கிறேன். ஆனால் மூன்று நாள் தூங்காதவர் உபவாசம் இருக்கப் போகிறேன் என்று வந்தால் முதலில் வீட்டுக்குப் போய்ப் படுக்கச் சொல்லுவேன்.

குடியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களில் பலர் சந்தோசத்துக்குக் குடிக்கத் தொடங்கவில்லை. நித்திரை வருவதற்காகத் தொடங்கினார்கள். யுத்தம் முடிந்த நாட்களை நினைக்க வைக்கிற மே மாதத்து இரவுகளில் எத்தனை வீடுகளில் நித்திரை இல்லை என்று இங்கே ஊழியம் செய்கிற எல்லோருக்கும் தெரியும். ஒரு கிளாஸில் தொடங்கி, பிறகு காலையிலேயே கை நடுங்கி, கள்ளச்சாராயமான கசிப்பில் போய் நிற்கிறது. பிறகு ஒரு நற்செய்திக் கூட்டத்தில் கை தூக்கி, “இண்டையோட விட்டிட்டன்” என்கிறார். எல்லோரும் அல்லேலூயா சொல்கிறோம். அடுத்த நாள் நடுக்கமும் வியர்வையும் வருகிறது. வலிப்பும் வரலாம். இரண்டாம் மூன்றாம் நாள் இல்லாததைக் கண்டு அலறுகிறார். வீட்டார் பிசாசு பிடித்துவிட்டது என்று நினைத்துக் கட்டிவைத்து ஜெபிக்கிறார்கள். அது பிசாசு இல்லை! நாள்தோறும் நிறையக் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் அப்படித்தான் செய்யும். அதில் உயிரும் போகலாம். தயவுசெய்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்ட வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மருந்தோடு படிப்படியாக விடச் செய்வார்கள். கூடப் போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து ஜெபியுங்கள், அதை யாரும் தடுக்கவில்லை.

இனி, விழாமல் இருக்க என்ன செய்வது? முதலாவது, ஓடுங்கள். போத்திபாரின் மனைவி வஸ்திரத்தைப் பிடித்தபோது யோசேப்பு அங்கே நின்று தன் பரிசுத்தத்தை நிரூபிக்கவில்லை, வஸ்திரத்தை விட்டுவிட்டு வெளியே ஓடினான். எங்கள் இளைஞர்களோ, “நான் சாராயக் கடைக்குள்ள போய்ச் சோடா மட்டும் குடிச்சிட்டு வருவன், என்னில எனக்கு நம்பிக்கை இருக்கு” என்கிறார்கள். தம்பி, உன்னை யார் அங்கே போகச் சொன்னது? பெலன் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அது இடமில்லை.

காசு சம்பந்தப்பட்ட பொறுப்பு என்றால் தனியாக வைத்திருக்காதீர்கள். சங்கக் காசு வங்கியில் இருக்கட்டும், எடுக்க இரண்டு பேரின் கையெழுத்து வேண்டும். கொப்பியை மாதாமாதம் இன்னொருவர் பார்க்கட்டும். இதைச் சொன்னால் “எங்களில நம்பிக்கை இல்லையோ?” என்று கோபிக்கிறார்கள். நேர்மையான ஆளைக் காப்பாற்றத்தான் இரண்டாவது கையெழுத்து. போன் இரவில் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும். கிரிக்கெட்டுக்குக் காசு கட்டுகிற அப் இருந்தால் இன்றைக்கே அழியுங்கள், நாளைக்கு என்று சொல்லாதீர்கள்.

ஆசை உச்சத்துக்கு ஏறினால் அப்படியே நின்றுவிடாது, பொதுவாக அரை மணித்தியாலத்துக்குள் தணியத் தொடங்கும். அந்த நேரத்தில் தனியாக இருக்காமல் எழுந்து யாரிடமாவது போங்கள்.

ஒரு தம்பி அப்படி வந்தான். இரவில் மணல் ஏற்றுகிற டிப்பர்காரர் சிலர், சந்தியில் நின்று பொலிஸ் வந்தால் ஒரு கோல் எடுத்துச் சொல்லு, காசு தருகிறோம் என்று கேட்டிருக்கிறார்கள். பின்னேரம் ஐந்து மணிக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: “இரவு பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கினம் ஐயா. போவன் போலதான் கிடக்கு.” நாங்கள் நீண்ட ஜெபம் ஒன்றும் பண்ணவில்லை. இரவு எங்கே படுப்பது என்று யோசித்தோம். மாமா வீட்டில் படுப்பதென்று முடிவானது. போனை மாமாவிடம் கொடுத்தான். அடுத்த கிழமை மேசன் வேலைக்கு ஆள் தேவைப்பட்ட ஒரு சகோதரரிடம் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் உண்டாக்குவார் என்று 1 கொரிந்தியர் 10:13 சொல்லுகிறது. அவனுக்கு அந்தப் போக்கு மாமா வீட்டுத் திண்ணையாக இருந்தது. அவன் வாயைத் திறந்திராவிட்டால் அதைக் காட்ட எங்களில் யாராலும் முடிந்திராது.

யாரிடம் சொல்வது என்று கேட்கிறீர்கள். போதகரிடம்தான் வரவேண்டும் என்றில்லை. கணவன், மனைவி, அக்கா, வாயை அடக்கத் தெரிந்த ஒரு சிநேகிதர், யாராக இருந்தாலும் சரி. ஊர் கதைக்கும் என்று பயமாக இருந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம்.

கடைசியாக மூப்பர்மாருக்கும் என்னைப் போன்ற ஊழியர்களுக்கும் ஒரு மன்றாட்டு. ஒருவர் நம்பி வந்து சொன்னதை அடுத்த ஞாயிறு பெயர் சொல்லாமல் பிரசங்கத்தில் உதாரணமாக்காதீர்கள். நூறு பேர் இருக்கிற சபையில் பெயர் சொல்லத் தேவையில்லை, எல்லோருக்கும் விளங்கிவிடும். ஜெபக் குறிப்பு என்ற பெயரில் பெண்கள் கூட்டத்திலும் போட்டு உடைக்காதீர்கள். அந்த அம்மா டின்னைப் பற்றி முதல் நாளே சொல்லாததற்கு நாங்களும் ஒரு காரணம். கேட்டதை மனதில் வைத்துக்கொள்ள முடியாதவர் என்றால், வருகிறவரை உட்காரச் சொல்லாமல் வேறொருவரிடம் அனுப்பிவிடுங்கள்.