ஒரு வரிதானே மாற்றினேன், கிட் ஏன் இவ்வளவு யோசிக்கிறது?

கோடில் செய்யும் மாற்றங்களைக் கணக்கு வைத்துக்கொள்ளும் மென்பொருள் கிட் (Git). எதெது மாறியிருக்கிறது என்று அதனிடம் கேட்க, கறுப்புத் திரையில் ‘கிட் ஸ்டேட்டஸ்’ என்று தட்டுகிறீர்கள். மாற்றியது ஒரே ஒரு வரி. பதில் வர எட்டு வினாடி. பக்கத்து மேசைக்காரரின் பழைய லினக்ஸ் கணினியில் அதே ப்ராஜெக்ட், அதே கமாண்ட், எண்டரிலிருந்து விரலை எடுப்பதற்குள் முடிந்துவிடுகிறது. உங்களுடையது புது விண்டோஸ் லேப்டாப். கோபம் வரத்தான் செய்யும்.

அந்த எட்டு வினாடியில் கிட் உங்கள் கோப்புகளைப் படித்துக்கொண்டிருப்பதில்லை. அதனிடம் ‘இண்டெக்ஸ்’ என்றொரு பதிவேடு இருக்கிறது. ஒவ்வொரு கோப்பும் எத்தனை பைட், கடைசியாக எப்போது மாறியது என்ற விவரங்கள் அதில் உண்டு. ஸ்டேட்டஸ் கேட்டதும் கிட் இயங்குதளத்திடம் போய், “இந்தக் கோப்பின் அளவு என்ன, நேரம் என்ன?” என்று ஒவ்வொன்றாக விசாரிக்கும். பதிவேட்டோடு ஒத்துப்போனால் அடுத்ததற்குப் போய்விடும். ஒத்துப்போகாததை மட்டும்தான் திறந்து படிக்கும். அப்புறம், பதிவேட்டில் இல்லாத புதுக் கோப்பு எதுவும் முளைத்திருக்கிறதா என்று ஃபோல்டர் ஃபோல்டராகத் தேடும்.

ஆக, செலவு விசாரிப்பதில்தான். ஒரு லட்சம் கோப்புகள் என்று வையுங்கள். ஒரு கேள்விக்கு 10 மைக்ரோவினாடி என்றால் மொத்தம் 1 வினாடி. 100 மைக்ரோவினாடி என்றால் 10 வினாடி.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை உருவாக்கும் வேலைக்காகக் கிட்டை எழுதினார். லினக்ஸில் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் நினைவகத்திலிருந்தே பதில் வந்துவிடும். விண்டோஸில் வழி நீளம். நடுவில் ஃபில்டர் டிரைவர்கள், அதாவது கோப்புக் கேள்விகளை வழிமறித்துப் பார்க்கும் புரோகிராம்கள் வேறு: ஆன்டிவைரஸ், கிளவுட் சிங்க் என ஒவ்வொன்றும் அபார்ட்மென்ட் வாசல் செக்யூரிட்டி மாதிரி நிறுத்தி விசாரித்துவிட்டுத்தான் அனுப்பும். விண்டோஸ் சோர்ஸ் கோடையே 2017-இல் கிட்டுக்கு மாற்றியபோது மைக்ரோசாஃப்ட்டும் இதில் மாட்டியது. சுமார் 35 லட்சம் கோப்புகள், 300 ஜிபி. ஒரு ஸ்டேட்டஸுக்குப் பல நிமிடங்கள்.

சரி, நம் கணினிக்கு வருவோம். முதலில் கமாண்டை இரண்டு தடவை ஓட்டிப் பாருங்கள். இரண்டாவது தடவை சட்டென்று முடிந்தால் பெரிய கோளாறு இல்லை. ஃபோல்டரை எங்கிருந்தோ காப்பி செய்து கொண்டுவந்திருந்தால் கோப்புகளின் நேரக் குறிப்புகள் மாறியிருக்கும்; கிட் எல்லாவற்றையும் ஒருமுறை படித்துப் பதிவேட்டைச் சரிசெய்திருக்கும். இரண்டு தடவையும் மெதுவென்றால், ‘-யூநோ’ (-uno) ஆப்ஷன் சேர்த்து ஓட்டுங்கள். அது புதுக் கோப்புகளைத் தேடாது. இப்போது வேகம் வந்தால், நேரத்தைத் தின்றது அந்தத் தேடல்தான். முந்தைய தேடலின் முடிவை நினைவில் வைத்துக்கொள்ளும் ‘அன்ட்ராக்டு கேஷ்’ வசதியை இயக்குங்கள்.

எனக்குப் பிடித்த மருந்து ‘எஃப்எஸ்மானிட்டர்’. 2022-இல் வந்த கிட் 2.37 பதிப்பிலிருந்து விண்டோஸுக்கும் மேக்குக்கும் இது உள்ளேயே இருக்கிறது. கிட் போய்க் கேட்பதை விட்டுவிட்டு, எது மாறியதென்று இயங்குதளமே சொல்லட்டும் என்று தலைகீழாக்கிவிட்டார்கள். பின்னணியில் ஒரு சின்ன புரோகிராம் உட்கார்ந்து அந்தச் சேதிகளைக் குறித்துக்கொள்ளும். ஸ்டேட்டஸ் அந்தப் பட்டியலில் உள்ளவற்றை மட்டும் பார்த்தால் போதும்.

ஆன்டிவைரஸை அடியோடு அணைக்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள். ப்ராஜெக்ட் ஃபோல்டருக்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம், அதையும் உள்ளே இருக்கும் சோர்ஸ் கோடு நம்பகமானது என்றால் மட்டும்.

விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் (WSL) வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வம்பு. சி டிரைவில் கிடக்கும் ப்ராஜெக்ட்டை லினக்ஸ் பக்கத்திலிருந்து தொட்டால், ஒவ்வொரு கேள்வியும் இரண்டு உலகங்களுக்கு நடுவே பாலம் தாண்டிப் போய்வர வேண்டும். போதாததற்கு, ஒரே ஃபோல்டரை விண்டோஸ் கிட்டும் லினக்ஸ் கிட்டும் மாறி மாறித் தொட்டால், ஒன்று எழுதிய பதிவேடு மற்றதற்குத் தப்பாகத் தெரியும். ஒவ்வொரு தடவையும் எல்லாக் கோப்புகளையும் முதலிலிருந்து படிக்கும். ஃபோல்டரை லினக்ஸின் ஹோம் ஃபோல்டருக்குள் வைத்து, அந்தப் பக்கத்துக் கிட்டை மட்டும் பயன்படுத்தினால் இரண்டு தொல்லையும் போய்விடும்.