சோலைக்கிளிக்கு ஸ்பீக்கர் வேண்டாம்

ஏப்ரல் பிறந்தால் ஊட்டி, கொடைக்கானல் சோலை (உயர்மலைப் பசுமைக்காடு) ஓரங்களில் சோலைக்கிளியைப் படமெடுக்கக் கேமராக்காரர்கள் கூடிவிடுகிறார்கள். பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அதை வரவழைக்க, பையில் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரும் இருக்கும். அதுதான் சிக்கல்.

பெயரில் கிளி இருந்தாலும் சோலைக்கிளி கிளியல்ல, சுமார் 15 செ.மீ. நீளமுள்ள சிறு பறவை. நெட்டைக் கால், குட்டை வால், கருநீல முதுகு, வெள்ளை வயிறு. மலைத்தொடர் தாழ்ந்து இடைவெளி விடும் பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, விலாவில் செம்பழுப்பு படர்ந்த நீலகிரி சோலைக்கிளி. தெற்கே ஆனைமலை, பழனிமலையில் வெண்வயிற்றுச் சோலைக்கிளி. இரண்டும் சூடான தாழ்நிலத்துக்கு இறங்குவதில்லை, அதனால் கணவாயைத் தாண்டவும் முடிவதில்லை. 2017-இல்தான் மரபணு ஆய்வின் பேரில் இவற்றுக்கெனச் சோலிகோலா என்ற தனிப் பேரினம் வந்தது.

ஈர இலைச்சருகைக் கிளறிப் பூச்சி தின்னும் இந்தப் பறவை, தன் எல்லையைப் பாட்டால் காக்கிறது. பதிவு செய்த குரலைப் போட்டால், எதிரி நுழைந்துவிட்டான் என்று இரையைவிட்டு ஓடி வரும். ஒரே ஜோடியிடம் நாள் முழுக்க ஆள் மாற்றி ஆள் இதைச் செய்தால், இரை தேடும் நேரம் வீணாகும். அடைகாக்கும் பறவை எழுந்துபோனால் மலைக்குளிரில் முட்டை ஆறிவிடும். பெரும்பாலும் இரண்டே முட்டைகள்.

கூடு மரப்பொந்திலோ ஓடைக்கரைக் குழியிலோ தாழ்வாக இருக்கும். பாசியும் நார்வேரும் வைத்துக் கட்டியது. அலகில் பாசியோ புழுவோ கவ்விய பறவை, முன்னே வராமல் ஒரே இடத்தில் நின்று கத்தினால் கூடு பக்கத்தில்தான். உடனே வந்த வழியே திரும்புங்கள். படத்துக்காக மறைக்கும் இலையை ஒடிப்பவர்கள், கூட்டைக் காகத்துக்குக் காட்டிக்கொடுக்கிறார்கள். 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, பறவைக் கூட்டைக் கலைப்பதும் ‘வேட்டையாடுதல்’தான்.

பார்க்க எளிய வழி உண்டு. விடியலிலோ அந்தியிலோ, ஓடை பாதையைக் கடக்கும் இடத்தில், பாதையைவிட்டு இறங்காமல் அரை மணி அசையாமல் நில்லுங்கள். பேச்சு வேண்டாம், ஃபிளாஷ் வேண்டாம். கேமராவின் ஐஎஸ்ஓவை (ஒளியுணர்திறனை) 3200 வரை ஏற்றி, மோனோபாடில் (ஒற்றைக்கால் தாங்கியில்) வைத்து 1/125 நொடி ஷட்டர் வேகத்தில் எடுத்தால் போதும். படத்தில் கொஞ்சம் புள்ளி விழும், விழட்டுமே.

சோலையை ஒட்டி வீடோ விடுதியோ வைத்திருப்பவர்கள், அடிப்புதரை ‘சுத்தம்’ செய்யாதீர்கள், சருகை எரிக்காதீர்கள். மரம் மட்டும் நின்றால் இந்தப் பறவைக்கு அது காடில்லை. சமையல் கழிவை மூடிய தொட்டியில் போடுங்கள். திறந்து கிடந்தால் எலி, பூனை, காகம் மூன்றும் வரும், தாழ்ந்த கூட்டுக்கு மூன்றுமே எமன்.